குளிர்நாட்டு வீட்டுக்கு ஒத்துவராத சிங்கப்பூர்ப் பழக்கங்கள்

சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 19 டிகிரி செல்சியஸ். அதுவும் 1989 பிப்ரவரியில். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்த ஒருவருக்குத் தண்ணீர் பைப்பைக் குளிரிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பு வரவே வராது. ஆனால் இன்று நம்மில் பலருக்கு அக்காவோ மகனோ டொராண்டோ பக்கம், மினசோட்டாவில், டெக்சஸில் வீடு வாங்கியிருக்கிறார்கள். டிசம்பர் பள்ளி விடுமுறையில் நாமே போய் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளவும் நேர்கிறது. இங்கே நல்ல பழக்கம் என்று கற்றதை அங்கேயும் அப்படியே செய்வதுதான் ஆபத்து.

வெளியூர் கிளம்பும்போது வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரை அணைப்பதை முதலில் சொல்ல வேண்டும். ஊருக்குப் போவதற்கு முன் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது நமக்கு ஊறிப்போன வழக்கம். குளிர்காலத்தில் அங்கே அதைச் செய்தால், மிச்சமாகும் கட்டணத்தைவிடப் பல மடங்கு செலவு வந்து நிற்கும். ஆள் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் 13 டிகிரிக்குக் குறையாமல், ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை வைத்திருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பருத்துவிடும். பைப்பின் நடுவே பனி அடைத்துக்கொண்டதும், அதற்கும் மூடியிருக்கும் குழாய்க்கும் இடையே மாட்டிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. பனி வளர வளர அங்கே அழுத்தம் ஏறிக்கொண்டே போய், பைப் பிளந்துவிடுகிறது. அதனால் பல சமயம் பனி இருக்கும் இடம் ஒன்று, வெடிக்கும் இடம் வேறு. பனி அடைத்திருக்கும்வரை பெரிதாக ஒழுகாது. வெயில் வந்து உருகிய பிறகுதான் சுவருக்குள் தண்ணீர் கொட்டும். குளிர் போய்விட்டது, இனிக் கவலையில்லை என்று நினைக்கும் நாளில்தான் வீடு நனைகிறது.

நம் பழக்கங்களில் ஒன்று அங்கேயும் பொருந்தும்: நீண்ட நாள் வெளியே போனால் மெயின் வால்வை மூடுவது. மூடியபின் எல்லாக் குழாய்களையும் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். வெந்நீர் ஓடும் பைப்புகளால் வீட்டைச் சூடாக்கும் முறை இருந்தால் மட்டும், மூடுவதற்கு முன் பிளம்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வால்வு எங்கே இருக்கிறது என்பதைப் போன முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது. தண்ணீர் பீறிடும்போது தேட முடியாது.

அடுத்தது, சிங்க் அடியில் இருக்கும் அலமாரி. கதவு மூடியிருந்தால்தான் நமக்குச் சமையலறை சுத்தமாகத் தெரியும். வெளிச்சுவரை ஒட்டிய சிங்க் என்றால், கடும் குளிர் இரவில் அந்தக் கதவைத் திறந்து, பைப் சுவருக்குள் நுழையும் ஓட்டைப் பக்கம் கையை வைத்துப் பாருங்கள். வீடு முழுக்கக் கதகதப்பாக இருக்கும். அந்த ஓட்டையிலிருந்து மட்டும் ஊசி போல காற்று வரும். அதை அடையுங்கள், இரவில் கதவைத் திறந்தே வையுங்கள். தோட்டத்து ஹோஸைக் குளிர் வருமுன்பே கழற்றிவிடுங்கள். டெக்சஸ் வெப்பமான ஊர்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். அங்கே பல வீடுகளில் பைப்புகள் பரணிலும் வெளிச்சுவரிலும் ஓடுகின்றன. 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் மின்சாரமும் போனபோது, ஏராளமான வீடுகளில் அவை வெடித்தன.

பைப் உறைந்துபோனால் கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள், நெருப்பும் காட்டாதீர்கள். குழாயைத் திறந்து வைத்துவிட்டு, குழாய்ப் பக்கமிருந்து ஆரம்பித்து ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடேற்றுங்கள்.

இனி செப்டிக் டேங்க், அதாவது வீட்டுக் கழிவுநீரைத் தேக்கிச் செரிக்கவைக்க மண்ணுக்கடியில் புதைத்திருக்கும் தொட்டி. நம் ஊரில் மலவாளி முறை 1987இல் முடிந்தது. எல்லாக் கழிவுநீரும் பொதுச் சாக்கடைக்குப் போகிறது. அதனால் நம் பிள்ளைகளுக்கு செப்டிக் டேங்க் என்றால் என்னவென்றே தெரியாது. வட அமெரிக்காவில் நகரத்தைத் தாண்டினால் அதுதான் வழி. அங்கே போகும் நம்மவர்கள் ஆசையாகச் செய்யும் முதல் வேலை, முற்றத்துப் பனியை முழுவதும் வழித்துச் சுத்தம் செய்வது. டேங்கின் மேலும் கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடத்தின் மேலும் கிடக்கும் பனியைத் தொடாதீர்கள். அது போர்வை மாதிரி மண்ணின் சூட்டைக் காக்கிறது. அதன்மேல் காரை ஏற்றினாலும், நடந்து மிதித்து இறுக்கினாலும் குளிர் ஆழமாக இறங்கிவிடும். பனி குறைவான வருடங்களில் குளிர் தொடங்குமுன் 20, 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு வைக்கோல் பரப்புவார்கள்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பைப் உறையாமலிருக்கக் குழாயைச் சொட்டச் சொட்ட விடு என்று எல்லோரும் சொல்வார்கள். செப்டிக் உள்ள வீட்டில் அது கெடுதல். மெல்லிய நீர்க்கோடாகப் போகும் தண்ணீர், டேங்குக்குப் போகும் பைப்பிலேயே படலம் படலமாக உறைந்து வழியை அடைத்துவிடும். ஒழுகும் டாய்லெட்டும் அதே வேலையைச் செய்யும். குளிருக்கு முன்பே பழுது பாருங்கள். சொட்டவிட்டே தீர வேண்டிய இரவு வந்தால், அடியில் வாளி வைத்துப் பிடித்து, நிறைந்ததும் மொத்தமாக ஊற்றுங்கள். யாரும் இல்லாமல் வீட்டைப் பூட்டிப் போடுவதும் செப்டிக் டேங்குக்கு நல்லதல்ல. அன்றாடம் போகும் குளியல் நீர், துணி துவைத்த வெந்நீர் எல்லாம் டேங்கைச் சூடாக வைத்திருக்கும்.

அப்படியும் உறைந்துவிட்டால் உப்பு, காருக்கு ஊற்றும் உறைதடுப்பு திரவம் எதையும் உள்ளே ஊற்றாதீர்கள். கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும், நிலத்தடி நீரும் கெடும். செப்டிக் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பைப் அடைப்பை ஆவியால் உருக்க அவர்களிடம் கருவி இருக்கும். மண்ணுக்குள் போகும் பகுதியே உறைந்திருந்தால், வசந்தம்வரை டேங்கை அவ்வப்போது காலி செய்துகொண்டு, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பதைத் தவிர வேறு வழியில்லை.