மூன்று டாலர் கிண்ணம்: யார்டு சேலில் வாங்கி விற்கத் தொடங்குவோருக்கு

2007ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் ஒரு குடும்பம் யார்டு சேலில், அதாவது வீட்டு வாசலில் பழைய பொருள்களை விரித்து விற்கும் இடத்தில், 3 டாலருக்கு ஒரு வெள்ளைக் கிண்ணம் வாங்கியது. சில ஆண்டுகள் அது வரவேற்பறையில் சும்மா கிடந்தது. பிறகு விசாரித்தபோது, சீனாவின் சொங் வம்சக் காலத்தில் செய்த, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழைய பீங்கான் என்று தெரிந்தது. 2013இல் சதபீஸ் ஏலத்தில் 22 லட்சம் டாலருக்கு மேல் போனது.

இந்தக் கதையைப் படித்துவிட்டு நானும் வெள்ளைக் கிண்ணங்களாக வாங்கிக் குவித்தேன். மொத்தம் பதினொன்று. ஒன்றில் சாவிக்கொத்து இருக்கிறது, ஒன்றில் சோப்பு. மற்றவற்றைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. எனக்குக் காசு கொடுத்தவை வார்ப்பிரும்புச் சட்டிகளும் பழைய கேமரா லென்ஸுகளும்தான். எனவே இங்கே புதையலைப் பற்றி எதுவும் இல்லை.

படி 1: ஒரே ஒரு வகையைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் செய்யவேண்டியது இது. சமையல் பாத்திரம், கைக்கருவி, புத்தகம், இசைத்தட்டு, எதுவானாலும் சரி, ஒன்றுதான். இரண்டு வாரம் ஈபே என்னும் இணைய விற்பனைத் தளத்தில் அந்தப் பொருளைத் தேடிப் பாருங்கள். தேடல் வடிகட்டியில் 'விற்றுப்போனவை' என்பதை மட்டும் காட்டும் வசதி உண்டு, அதைத் தட்டுங்கள். ஒருவர் 200 டாலர் கேட்கிறார் என்பது அவருடைய ஆசை. எவ்வளவுக்கு விற்றது என்பதே விலை. புதியவர்கள் ஏமாறும் முதல் இடம் இதுதான்.

படி 2: வெள்ளிக்கிழமை இரவு

கிரெய்க்ஸ்லிஸ்ட், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் ஆகிய இணையப் பக்கங்களில் மறுநாள் நடக்கும் யார்டு சேல் அறிவிப்புகளைப் பாருங்கள். குழந்தைத் துணி மட்டும் என்று போட்டிருந்தால் விட்டுவிடலாம். நாற்பது ஆண்டு குடியிருந்த வீட்டைக் காலி செய்கிறோம் என்று இருந்தால் அங்கேதான் முதலில் போகவேண்டும். தெரு முழுவதும் சேர்ந்து நடத்தும் விற்பனையும் நல்லது, ஒருமுறை வண்டியை நிறுத்தினால் பத்து வீடு பார்க்கலாம்.

பையில் வைக்கவேண்டியவை: ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகள், காந்தம், பூதக்கண்ணாடி, டார்ச், அளவுநாடா, சிறிய பேட்டரிகள், சுற்றிவைக்கப் பழைய செய்தித்தாள்.

படி 3: நேரம்

சீக்கிரம் போனால் சரக்கு, கடைசியில் போனால் விலை. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. எட்டு மணி என்று அறிவித்திருந்தால் ஏழரைக்குப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். மேசையைக்கூட விரிக்காத மனிதரிடம் நல்ல விலை எதிர்பார்க்க முடியாது.

படி 4: கையில் எடுத்துப் பாருங்கள்

வெள்ளிப் பாத்திரம் போலத் தெரிந்தால் உடனே திருப்பிப் பாருங்கள். 'ஸ்டெர்லிங்' என்றோ 925 என்றோ முத்திரை இருந்தால் 92.5 சதவீதம் வெள்ளி. 'இ.பி.என்.எஸ்.' என்று இருந்தால் வெறும் வெள்ளி முலாம், பளபளப்பைக் கண்டு மயங்கவேண்டாம். காந்தத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒட்டினால் வெள்ளி இல்லை என்று சொல்லலாம், ஒட்டாவிட்டால் வெள்ளி என்று சொல்ல முடியாது. பித்தளையும் ஒட்டாது. ஸ்டெர்லிங் மெழுகுவர்த்தித் தாங்கிகளில் இன்னொரு சங்கடம் உண்டு. 'வெயிட்டட்' என்று பொறித்திருந்தால் உள்ளே சிமெண்ட் போன்ற ஏதோ அடைத்திருக்கிறது, எடையில் பெரும்பகுதி அதுதான்.

வார்ப்பிரும்புச் சட்டி எனக்குப் பிரியமானது. கிரிஸ்வோல்ட், வாக்னர் என்ற நிறுவனப் பெயர் அடியில் எழுதியிருக்கிறதா பாருங்கள். பென்சில்வேனியாவின் ஈரி நகரில் இருந்த கிரிஸ்வோல்ட் ஆலை 1957இல் மூடப்பட்டது. அந்தப் பழைய சட்டிகளைச் சேர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். துருவைக் கண்டு பயப்படாதீர்கள், தேய்த்து எண்ணெய் தடவிச் சூடாக்கினால் போய்விடும். விரிசல் போகாது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நல்ல சட்டி மணிபோல ஒலிக்கும், விரிசல் விட்டது 'டொக்' என்னும். பிறகு சமதளத்தில் வைத்து ஆட்டுங்கள். ஆடினால் கீழே வைத்துவிட்டு நகருங்கள்.

லென்ஸ் என்றால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல்நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. இசைத்தட்டில் உறை அழகைப் பார்க்காமல் தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துக் கீறலைப் பாருங்கள். மின்சாதனம் என்றால் பேட்டரி அறையைத் திறவுங்கள், பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் கசிவு. 'நேற்றுவரை ஓடியது' என்பவரிடம் மின்சாரத்தில் செருகி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

படி 5: இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்

ஒரு பக்கம் கீழிறங்கும் குழந்தைக் கட்டில்களை விற்க 2011 முதல் அமெரிக்காவில் தடை இருக்கிறது. பாதுகாப்புக் குறைக்காகத் திரும்பப் பெறப்பட்ட பொருளை மறுபடி விற்பதும் சட்டவிரோதம். குழந்தைகளுக்கான கார் இருக்கை, தலைக்கவசம் இரண்டும் எங்கே அடிபட்டன என்று யாருக்கும் தெரியாது. மெத்தையும் சோபாவும் மூட்டைப்பூச்சியோடு வரலாம். வீடுகளுக்கும் மரச்சாமான்களுக்கும் ஈயப் பெயிண்ட் தடைசெய்யப்பட்டது 1978இல். அதற்கு முன் பெயிண்ட் அடித்த பொம்மையையும் நாற்காலியையும் குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், சுரண்டவும் வேண்டாம்.

படி 6: பேரம்

பொருளைக் குறைசொல்லி விலையைக் குறைக்கும் வித்தை இங்கே எடுபடாது. அது அவருடைய அம்மா சமைத்த சட்டியாக இருக்கலாம். மூன்று நான்கு பொருளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, "எல்லாம் சேர்த்து 10 டாலருக்குத் தருவீர்களா?" என்று கேளுங்கள். தனித்தனியாகக் கேட்பதைவிட இது சுலபமாக முடியும். ஒரு டாலர் சொல்லும் பொருளுக்கு ஐம்பது காசு கேட்டு நிற்பது எனக்குக் கூச்சம். உங்கள் விருப்பம்.

படி 7: விற்பது

உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. 5 டாலருக்கு வாங்கியதை, தபால் செலவை நீங்களே ஏற்பதாகச் சொல்லி 30 டாலருக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். ஈபே கட்டணம் பெரும்பாலான பொருள்களுக்குச் சுமார் 13 சதவீதம், அதாவது 4 டாலர். தபாலுக்கு 8, பெட்டிக்கு 1. மிச்சம் 12 டாலர். பெட்ரோலையும் கழுவித் துடைத்த ஒரு மணி நேரத்தையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் கனமான பொருளை வாங்கும் முன் தபால் செலவை அங்கேயே கைப்பேசியில் பார்த்துவிடுங்கள். புத்தகத்துக்கும் இசைத்தட்டுக்கும் அமெரிக்கத் தபால் துறையின் மீடியா மெயில் சேவை மலிவு.

குறையை மறைக்காமல் எழுதுங்கள், படமும் போடுங்கள். 1995இல் ஈபேயைத் தொடங்கிய பியர் ஓமிடியார் அங்கே முதலில் விற்றதே பழுதான லேசர் சுட்டிதான். விலை 14.83 டாலர். பழுதானது என்று தெரிந்தே ஒருவர் வாங்கினார். கீறலைச் சொல்லாமல் நான் அனுப்பிய லென்ஸ் ஒன்று திரும்பி வந்தது, இரண்டு பக்கத் தபால் செலவும் என் தலையில்.

மூன்று மாதம் விற்காததை ஒரு பெட்டியில் போட்டுவையுங்கள். பெட்டி நிறைந்ததும் உங்கள் வாசலில் நீங்களே கடை விரிக்கலாம். போன வசந்தத்தில் நானும் விரித்தேன், மீதமிருந்த ஒன்பது கிண்ணங்களோடு. எட்டு மணிக்கு முதலில் வந்த பெரியவர் ஒரு கிண்ணத்தை எடுத்தார், கவிழ்த்தார், சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அடிப்பாகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்ன விலை என்று கேட்டார். மூன்று டாலர் என்றேன்.