உலோக அச்சில் பாத் பாம்: உடைவதும் ஒட்டுவதும் எதனால்?

பாத் பாம் என்பது குளிக்கும் தண்ணீரில் போடும் சோடா, அமில உருண்டை. அதன் வேலை ஒன்றே ஒன்று: தண்ணீரைத் தொட்டதும் நுரைப்பது. அந்தத் தண்ணீரை அது முதன்முதலாகச் சந்திக்கும் இடம் குளியல் தொட்டியாகவோ கால் ஊறவைக்கும் பேசினாகவோ இருக்க வேண்டும். கலவைக் கிண்ணத்திலோ அச்சிலோ முன்கூட்டியே ஈரம் சேர்ந்துவிட்டால் நுரை அங்கேயே செலவாகிவிடும். விரிசல், வீக்கம், ஒட்டுதல் என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரே காரணத்துக்குள் அடங்கும்.

கடையிலேயே தொடங்கும் தவறுகள்

தேவை சமையல் சோடா, அதாவது ஆப்ப சோடா. பேக்கிங் பவுடர் வாங்கினால் அதில் மாவும் வேறு அமிலமும் ஏற்கெனவே கலந்திருக்கும். நுரை சோம்பலாக வரும். சலவைச் சோடா மிகக் கடுமையான காரம், தோலை அரிக்கும். அதை எந்தக் காரணத்துக்காகவும் போடக் கூடாது.

சிட்ரிக் அமிலம் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் கிடைக்கும். 'அன்ஹைட்ரஸ்' (நீரற்றது) என்று அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். 'மோனோஹைட்ரேட்' வகையின் எடையில் சுமார் 8.6 சதவீதம் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. இரண்டும் பார்வைக்கு ஒரே வெள்ளைக் குருணைதான். எலுமிச்சைச் சாற்றைப் பதிலுக்கு ஊற்றலாமா என்றால், ஊற்றிய கணமே பொங்கி முடிந்துவிடும்.

மாவுக்குக் கார்ன் ஃப்ளார்தான், அதாவது மக்காச்சோள மாவுச்சத்துதான் வேண்டும். நாட்டுச் சோளத்தை அரைத்த மாவு அந்த இடத்தில் நிற்காது.

கப்பால் அளப்பது

குருணையான அமிலமும் மென்மையான சோடாவும் ஒரே கப்பில் ஒரே எடை நிற்பதில்லை. சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். 5 செ.மீ. விட்டமுள்ள உருண்டை அச்சுக்கு நான்கைந்து உருண்டை வரும் அளவு இது:

சமையல் சோடா 200 கிராம், சிட்ரிக் அமிலம் 100 கிராம், கார்ன் ஃப்ளார் 50 கிராம், எண்ணெய் 10 கிராம், நறுமண எண்ணெய் 2 முதல் 3 கிராம்.

கணக்குப்படி பார்த்தால் 192 கிராம் அமிலத்தை முழுதாக முறிக்க 252 கிராம் சோடா போதும், ஏறக்குறைய 1.3க்கு 1. இருந்தாலும் 2க்கு 1 என்று போடுவதற்குக் காரணம் உண்டு. கொஞ்சம் சோடா மிஞ்சி நின்றால்தான் தண்ணீர் தோலுக்குப் புளிப்பேறாமல் இருக்கும். நுரை கூட வேண்டும் என்று அமிலத்தை ஏற்றினால் காயம், வெடிப்பு உள்ள காலில் எரியும்.

எப்சம் உப்பை (மெக்னீசியம் சல்பேட்) அள்ளிப் போடும் பழக்கம் பரவியிருக்கிறது. அதன் படிகத்தில் பாதி எடை தண்ணீர்தான். இந்த அளவுக்கு 20 கிராமுக்கு மேல் போனால் உருண்டையின் பிடிப்பு தளரும். உப்பைத் தனியாகத் தண்ணீரில் போட்டுக்கொள்வதே மேல்.

எண்ணெயிலும் கை தாராளமாகிவிடக் கூடாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உருகும். நம் சமவெளி ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அது திரவம்தான். அதிகம் போட்டால் உருண்டை கெட்டிப்படாது, குளியலறைத் தரையும் வழுக்கும். கோகோ பட்டர் 34 டிகிரி வாக்கில்தான் உருகும் என்பதால் நம் வெயிலுக்குப் பொருத்தம். பட்டை, கிராம்பு எண்ணெய்களைத் தவிர்த்துவிடுங்கள், தோலைக் காந்த வைக்கும்.

நிறத்துக்கு நீரில் கரைத்த கேசரிக் கலர் சொட்டினால் சொட்டிய இடமெல்லாம் பொங்கும். பொடி நிறமே சரி. மஞ்சள் தூள் போட ஆசைப்படுபவர்கள் ஆரத்தித் தண்ணீரை நினைவில் கொள்ளவும்: காரம் பட்டால் மஞ்சள் சிவப்பாகும், சோடாவிலும் அந்தப் பக்கம் சாயும், பேசினிலும் கறை விழும்.

பதம் தப்புவது

பாதிப் பேர் தோற்கும் இடம் இதுதான். முதலில் சோடாவையும் மாவையும் சலித்து, எண்ணெய்களை ஊற்றிக் கட்டியில்லாமல் தேய்த்துக் கலக்க வேண்டும். அமிலம் கடைசியில். பிறகு ஈரம். தண்ணீரைக் கரண்டியால் ஊற்றாதீர்கள். ஸ்ப்ரே பாட்டிலில் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் எடுத்து, ஓரிரு முறை அடிப்பது, உடனே கையால் கிளறுவது, மறுபடி அடிப்பது என்று போக வேண்டும். ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகிவிடும், நுரையைத் தூண்டுவதும் குறைவு. அது தீப்பற்றும் பொருள். அடுப்பு எரியும் இடத்தில் வைத்துச் செய்யக் கூடாது. அமிலத் தூசி மூக்கையும் கண்ணையும் எரிக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

புட்டு மாவின் பதம்தான் இதற்கும்: பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிடித்த உருண்டையை ஒரு சாண் உயரத்திலிருந்து மறு கையில் போட்டுப் பாருங்கள். உடைந்தால் இன்னும் ஒரு ஸ்ப்ரே. கிண்ணத்தில் 'சுர்ர்' என்று சத்தம் கேட்டாலோ கலவை தானாக உப்பினாலோ ஈரம் கூடிவிட்டது. அப்போது மேலும் சோடா கொட்டிச் சரிக்கட்டப் பார்ப்பது வீண். அளவு குலையும், உருண்டை பின்னாலும் வீங்கும்.

அச்சில் நடப்பவை

ஸ்டீல் அச்சு சிறந்தது, அலுமினியம் பரவாயில்லை. இரும்பில் அமிலம் பட்டால் துரு பிடித்து உருண்டையில் பழுப்புப் புள்ளி விழும்.

உருண்டை அச்சின் இரு பாதிகளிலும் கலவையைத் தனித்தனியே அழுத்தி, மேலே தட்டையாக வழித்துவிட்டுச் சேர்ப்பது பெரிய தவறு. இரண்டு தட்டை முகங்கள் ஒன்றோடொன்று பிடிக்காது. காய்ந்ததும் நடுவில் பிளந்துகொள்ளும். ஓரத்தில் மட்டும் லேசாக அழுத்தி, நடுவில் தளர்வாகக் குவித்து விடுங்கள். இரண்டு குவியலும் மோதி நெருக்கும்போதுதான் ஒட்டும். சேர்க்கும்போது நேராக அழுத்த வேண்டும். மூடியைத் திருகுவது போல் திருகினால் ஒட்டிய இடமே அறுந்துவிடும்.

அச்சிலேயே இரவு முழுக்கக் காயட்டும் என்று விடக் கூடாது. உலோகத்தின் வழியே ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளுக்குள்ளேயே வேலை செய்து சுவரோடு இறுகிவிடும். சேர்த்த அரை நிமிடத்தில் கரண்டியின் பின்புறத்தால் சுற்றிலும் மெல்லத் தட்டி, மேல் பாதியைத் தூக்குங்கள். மீதியை உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டி எடுங்கள்.

சீக்கிரம் கழலட்டும் என்று ஃப்ரீசரில் வைக்கும் யோசனை நம் கடலோர ஊர்களுக்கு ஆகாது. வெளியே எடுத்ததும் குளிர்ந்த உலோகத்தில் நீர் முத்து கோக்கும், அடுத்த நொடி ஒட்டும். கழுவிய அச்சின் விளிம்பில் மிஞ்சும் ஒரு துளியும் இதையே செய்யும். ஒட்டியதைக் கத்தியால் நெம்பினால் கீறல் விழும், அடுத்த கலவை அந்தக் கீறலைப் பிடித்துக்கொள்ளும். வெந்நீரில் போட்டால் தானே கரைந்துவிடும். அலுமினிய அச்சை மட்டும் அதில் நேரம் கடத்தாமல் எடுத்துத் துடைத்துவிடுங்கள், காரத் தண்ணீரில் கருக்கும்.

காய வைப்பதும் வைத்திருப்பதும்

முட்டை அட்டையின் குழிகளில் டிஷ்யூ விரித்து 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். தட்டையான தட்டில் வைத்தால் அடிப்பக்கம் சப்பையாகும். மைக்ரோவேவ், பேக்கிங் ஓவன் எதிலும் உலர்த்தக் கூடாது. சோடா சூடேற ஏறச் சலவைச் சோடாவாக மாறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏசி ஓடும் அறைதான் கதி. அது இல்லையென்றால் வெயில் திரும்பும் வரை தள்ளிப் போடுங்கள்.

முழுதாகக் காயாததைக் கண்ணாடி ஜாடியில் இறுக மூடினால் உள்ளே வாயு சேர்ந்து ஜாடி வெடிக்கவும் கூடும். காய்ந்த பின் கிளிங் ஃபிலிமில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போடலாம்.

உடைந்தவற்றை மறுபடி ஈரமாக்கி அச்சில் அழுத்தினால் நுரை பாதிதான் மிஞ்சும். அப்படியே காயவிட்டுப் பொடித்து வையுங்கள். கால் ஊறவைக்கும் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும்.