முதல் லாஸ்டிக் வாங்கப் போகிறீர்களா? ரப்பரிலிருந்து தொடங்குங்கள்

தீபாவளிக்கு சுங்கை சிப்புட் வந்திருந்த என் அக்காள் மகன், "கௌபாய் படத்துல வர்ற மாதிரி லீவர் இழுத்துச் சுடுற துப்பாக்கி ஒண்ணு வாங்கிக் குறி பழகணும், மாமா" என்றான். இங்கே மலேசியாவில் காற்றுத் துப்பாக்கிக்கே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் லைசென்ஸ் வேண்டும். அவனுக்குப் பிடித்திருந்தது கண்ணும் கையும் மூச்சும் ஒரு நொடி ஒன்றாகச் சேர்கிற அந்த அமைதி. அதற்கு லாஸ்டிக் போதும். தமிழ்நாட்டில் இதை உண்டிவில், கவட்டை என்பார்கள். அவனுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த முறையையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கண்ணைப் பாருங்கள்

இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்து, தூரத்தில் ஒரு பொருளைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது அந்தப் பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் உங்கள் குறிக் கண். அந்தப் பக்கத்துக் கையால் இழுங்கள், மற்றக் கையால் கவையை, அதாவது ரப்பர் கட்டுகிற Y வடிவக் கட்டையை, பிடியுங்கள். சோற்றுக்கை எது என்பது இரண்டாம் கேள்விதான்.

அப்புறம் பாதுகாப்புக் கண்ணாடி. லாஸ்டிக்குக்கு முன்னால் இதை வாங்குங்கள். இதில் பேரம் வேண்டாம்.

ரப்பர்

கவை பளபளப்பாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் பெரும்பாலும் எல்லாரும் வாங்குகிறார்கள். கை நடுங்குவதற்கும் குறி தப்புவதற்கும் காரணம் அனேகமாக ரப்பர்தான். பலம் கூடின ரப்பர் நல்லது என்று நினைத்து வாங்குவார்கள், இழுத்துப் பிடிக்கவே முடியாது. பிடிக்க முடியாததை வைத்து எப்படிக் குறி பார்ப்பது?

பழைய சைக்கிள் டியூப் வேண்டாம். இழுக்கக் கனமாக இருக்கும், திரும்பி வருவதில் வேகம் இருக்காது. ரப்பர் மரத்துப் பாலில் செய்த தட்டை ரப்பர் வாங்குங்கள். பக்கத்திலுள்ள கோலகங்சாரில் 1877இல் நட்ட பால்மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. நம் பாட்டன் பாட்டி விடியுமுன் எழுந்து வெட்டிய அதே பால்தான் இந்த ரப்பர். எனக்கு அதைத் தொடும்போதெல்லாம் அந்த நினைப்பு வரும்.

புதியவர்களுக்கு அரை மில்லிமீட்டர் கனம் போதும். கவைப் பக்கம் 18 மில்லிமீட்டர் அகலம், குண்டு வைக்கிற தோல் பக்கம் 12 மில்லிமீட்டர் என்று குறுகிக்கொண்டே போகிற மாதிரி வெட்டினால் இழுக்க இலகு, வேகமும் கிடைக்கும்.

ரப்பரின் நீளத்தை உங்கள் கைதான் சொல்லும். கவை பிடிக்கும் கையை நேரே நீட்டி, மற்றக் கையை வாயோரத்துக்குக் கொண்டுவாருங்கள். கட்டைவிரல் எப்போதும் கன்னத்தில் ஒரே இடத்தில் தொட வேண்டும். அங்கிருந்து கவையின் தலை வரைக்கும் அளவுநாடா பிடியுங்கள். அக்காள் மகனுக்கு 80 சென்டிமீட்டர் வந்தது. வழக்கமாக இதை 5ஆல் வகுப்பார்கள், 16 வரும். நான் 4.5ஆல் வகுத்து, ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் வைத்துக் கொடுத்தேன். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் கை நடுங்காது, ரப்பரும் கூட நாள் வரும். இது ஒரு கட்டுக்கும் இன்னொரு கட்டுக்கும் நடுவில் உள்ள நீளம். கட்டுவதற்கு இரு முனையிலும் 2 சென்டிமீட்டர் கூட விட்டு வெட்டுங்கள்.

வெட்டுவதற்குத் துணிக்கடைகளில் வைத்திருக்கும் உருளும் பிளேடு நல்லது. நான் ஒருமுறை கத்தரிக்கோலால் வெட்டினேன். ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு பிசிறு. கவனித்தேன், விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் முழுக்க இழுத்துப் பிடித்திருந்தபோது சரியாக அந்தப் பிசிறிலிருந்தே கிழிந்து, கன்னத்தில் சுளீரென்று அடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. அதிலிருந்து, சுடுவதற்கு முன் ரப்பரை லேசாக இழுத்து, வெளிச்சத்தில் இரண்டு ஓரத்தையும் பார்க்காமல் நான் தொடங்குவதில்லை. முதலில் கிழிவது அனேகமாகக் கட்டுப் போட்ட இடத்தில்தான், அங்கே நன்றாகப் பாருங்கள்.

கவை, தோல், குண்டு

கொய்யாக் கவை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. நிழலில் சில வாரம் காய வைத்து, வெடிப்பு இல்லை என்று பார்த்துவிட்டுச் சீவுங்கள். வெளி அகலம் 9 சென்டிமீட்டர் பக்கம் இருந்தால் போதும். கடையில் வாங்கினால், மலிவான வார்ப்பு உலோகத்தைத் தவிருங்கள். உள்ளே குமிழி இருந்தால் உடையும், உடைந்தால் முகத்துக்குத்தான் வரும். பிடித்துப் பார்க்கும்போது மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும்.

தோலின் நடுவில் சின்ன ஓட்டை இருந்தால் குண்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காரும். குண்டு 8 மில்லிமீட்டர் எஃகு, ஒன்று 2 கிராம் சொச்சம். மேலே சொன்ன ரப்பருக்கு அது பொருத்தம். கல் வேண்டாம், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி பறக்கும். வெயிலில் காயவைத்த களிமண் உருண்டையும் நல்லதுதான், பட்ட இடத்தில் பொடியாகிவிடும்.

சுடும் இடம்

பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை, திறந்த வாய் உங்களைப் பார்க்கிற மாதிரி பக்கவாட்டில் நிறுத்தி, உள்ளே பழைய துண்டு இரண்டை மேலிருந்து தொங்க விடுங்கள். கீழே கட்டக் கூடாது. தொங்கும் துணி குண்டின் வேகத்தை வாங்கிக்கொண்டு கீழே போடும். சுவர், மரம், தகரம் எதுவும் பின்னால் நேராக இருக்கக் கூடாது, எஃகுக் குண்டு திரும்பி வரும். முதல் வாரம் 5 மீட்டரில் காகிதம். கொத்தாக விழ ஆரம்பித்த பிறகு 10 மீட்டர். அதுவரை தகர டின்னைத் தொங்கவிட வேண்டாம். டின் சத்தம் ஆசை காட்டும், தெரிகிறது.

கவையைப் படுக்கை வாக்கில் பிடியுங்கள். மேல் ரப்பரின் ஓரம் கண்ணுக்கு நேர்கோடாகத் தெரியும். அது இடம், வலம் காட்டும். கவையின் மேல்முனை உயரம் காட்டும். தோலை முறுக்காமல் தட்டையாகப் பிடித்து, விரலை விடுங்கள். தோல் முறுக்கிக்கொண்டால் குண்டு கவையிலேயே அடிக்கலாம்.

பறவையை நோக்கி ஒருபோதும் தூக்காதீர்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், குறி பழகுவதற்கு ஓர் உயிர் தேவையே இல்லை. பக்கத்து லயத்துப் பிள்ளைகள் வந்து நின்றால் கவையைக் கீழே வைத்துவிடுங்கள்.

முடித்ததும் ரப்பரில் கொஞ்சம் முகப்பவுடர் தடவி, மூடியுள்ள டின்னில் நிழலில் வையுங்கள். மோட்டார் கூடையில் வெயிலில் விட்டால் ரப்பர் சீக்கிரமே வெடிக்கத் தொடங்கும். சில நூறு முறை சுட்டதும் அதன் ஆயுள் முடியும். அடுத்த ஜோடியை இப்போதே வெட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.