பழைய எஸ்டீமுக்கு டர்போ: உள்ளூர்ப் பட்டறையில் கட்டிப் பொருத்தும் முறை

காவிரிப் படுகையில் நிலம் வைத்திருப்பவருக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலைவிட அது வெளியேறுகிற வடிகாலைப் பற்றித்தான் கவலை அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் அழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் தூர்ந்துபோன வடிகாலே. காருக்கு டர்போ (என்ஜினின் புகையால் சுழன்று அதற்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) கட்டும் வேலையையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். எவ்வளவு காற்றை உள்ளே தள்ளலாம் என்று கணக்குப் போடுபவர்கள் பலர் இருக்க, டர்போவிலிருந்து ஆயில் எப்படித் திரும்பும், வெப்பம் எங்கே போகும், மிகுதியான அழுத்தம் எந்த வழியாக வெளியேறும் என்று முதலிலேயே யோசிப்பவர்கள் சிலரே.

தொடங்குமுன் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. மீறும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவின் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே இது பொதுச்சாலைக்கான வண்டி அன்று. நான் என் வண்டியை உறவினர் ஒருவரின் அரிசி ஆலைக் களத்தில் மட்டும் ஓட்டுகிறேன். முழு வேகச் சோதனைக்கு லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோவேன்.

கணக்கு முதலில்

எடுத்துக்காட்டாக மாருதி எஸ்டீமின் 1298 சிசி எம்பிஎப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் தெளிக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) என்ஜினை எடுத்துக்கொள்கிறேன். 85 குதிரைத்திறன் தரும் என்று விற்கப்பட்ட இந்த வண்டியை இன்று குறைந்த விலைக்கு வாங்க முடியும். டர்போ பற்றி நினைப்பதற்கு முன்பே நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் சோதனை செய்துவிடுங்கள். ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த என்ஜினுக்குத் தேவை ரிங்கும் வால்வு வேலையும்தான். தேய்ந்த என்ஜினில் டர்போ வைப்பது ஓட்டைப் படகுக்குப் பெரிய பாய் கட்டுவதற்குச் சமம்.

நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கிறது. எனவே 6000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3,894 லிட்டர். 85 விழுக்காடு நிரம்புவதாகக் கொண்டால் சுமார் 3,300 லிட்டர். நம் பகுதியின் 35 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.15 கிராம் என்பதால் இது 3.8 கிலோவுக்குச் சமம். உட்புறம் எதையும் மாற்றாத என்ஜினுக்கு 0.4 பார் கூடுதல் அழுத்தமே போதும். அதற்கு மேல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அழுத்தப்பட்ட காற்று சூடாகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 65 விழுக்காடு திறனுள்ள கம்ப்ரஸரிலிருந்து (டர்போவில் காற்றை அழுத்தும் பகுதி) 35 டிகிரிக் காற்று 83 டிகிரியில் வெளியேறும். நடுத்தரமான இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) அதை 54 டிகிரி அளவுக்கு இறக்கும். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 5 கிலோ காற்று, அதாவது முன்பைவிட 1.3 மடங்கு கிடைக்கிறது. குதிரைத்திறன் 110-ஐ ஒட்டி வரும். இருநூறு வரும் என்று யாராவது சொன்னால் அவரிடம் பிஸ்டனின் விலையைக் கேளுங்கள்.

நிமிடத்துக்கு 5 கிலோ என்பது 1.3 லிட்டர் டீசல் கார்களின் டர்போ தரும் அளவை ஒட்டியது. காயலான் கடையில் அப்படிப்பட்டது எளிதாகக் கிடைக்கும் என்பதே இந்தத் திட்டத்தின் அடிப்படை. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. புகை சுழற்றும் சக்கரமான டர்பைனைச் சுற்றி அசையும் இறக்கைகள் கொண்ட வகையை வாங்காதீர்கள்; அது டீசல் வெப்பத்துக்காகச் செய்யப்பட்டது, முழுச் சுமையில் 900 டிகிரியைத் தாண்டும் பெட்ரோல் புகையில் இறுகிப்போகும். வேஸ்ட்கேட் (மிகுதியான புகையை டர்பைனுக்குப் போகாமல் வெளியே விடும் கதவு) உள்ள, இறக்கை அசையாத வகையையே வாங்குங்கள். அதுவும் டீசலுக்கானதே என்பதால் முழு ஆக்சிலரேட்டரை நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாங்கும்போது டர்போவின் நடுத்தண்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிதாக ஆடலாம். முன்னும் பின்னும் நகர்வது விரலுக்குத் தெரிந்தால் வேண்டாம். இறக்கை கூட்டில் உரசிய தடம் இருந்தாலும் வேண்டாம்.

மேனிபோல்டு

நான்கு சிலிண்டர்களின் புகையையும் திரட்டி டர்போவுக்குக் கொண்டுசெல்லும் எக்சாஸ்ட் மேனிபோல்டுக்கு நான் தேர்ந்தெடுத்தது 32 மில்லிமீட்டர் சி கிளாஸ் (கனத்த சுவருள்ள) இரும்புக் குழாயும் அதே கனமுள்ள வெல்டிங் எல்போக்களும். 304 வகை எவர்சில்வர் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சூட்டில் அது சாதாரண இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரிவதால், தாங்கும் அமைப்பு சரியில்லை என்றால் விரைவில் விரிசல் விடும். சுவாமிமலையில் மெழுகு அச்சில் வெண்கலமாகவே வார்த்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்தக் கைத்திறனுக்கு ஈடு இல்லைதான், ஆனால் வெண்கலம் ஆயிரம் டிகிரிக்குள்ளாகவே உருகிவிடும். சிலைக்கு ஏற்றது புகைக்குழாய்க்கு ஏற்றதாகாது.

என்ஜின் ஹெட்டுடன் பொருந்தும் பிளாஞ்சை (போல்ட் போடும் தட்டை) 12 மில்லிமீட்டர் தகட்டில், பழைய கேஸ்கட்டை அச்சாக வைத்து வெட்டிக்கொள்ளுங்கள். வெல்டிங் செய்யும்போது பிளாஞ்ச் வளைந்துவிடும். எனவே அதைப் பழைய ஹெட் ஒன்றிலோ கனமான தகட்டிலோ போல்ட்டால் இறுக்கிவைத்து, முதலில் அங்கங்கே புள்ளி வைத்து, பிறகு ஒரு பக்கத்தையே தொடர்ந்து சூடாக்காமல் மாறி மாறி ஆர்கான் வெல்டிங் செய்ய வேண்டும். முழுவதும் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். கழற்றியதும் முகத்தை மில்லிங்கில் சீவிச் சமப்படுத்த வேண்டும். டர்போவின் எடை மேனிபோல்டில் மட்டும் தொங்காதபடி என்ஜின் பிளாக்கிலிருந்து ஒரு தாங்கியும் கொடுங்கள். டர்போவுக்குப் பின் வரும் குழாய் இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. என்ஜின் ஆடும்போது வெல்டிங் விட்டுப்போகாதபடி அதில் ஒரு பெல்லோஸ் (வளைந்துகொடுக்கும் மடிப்புக் குழாய்) இருக்க வேண்டும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் குழாயின் மேல் வெப்பத்துணி சுற்ற வேண்டாம். உப்புக் காற்றின் ஈரத்தை அது உள்ளேயே பிடித்துவைத்து இரும்பை அரித்துவிடும். காற்று புகும் இடைவெளி விட்டு வைத்த தகட்டுக் கவசமே நல்லது.

ஆயில் வரும் வழி, போகும் வழி

ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில் ஒரு டீ (மூன்று வாய் கொண்ட இணைப்பு) பொருத்தி அங்கிருந்து டர்போவுக்கு ஆயில் எடுப்பது வழக்கம். ஜப்பானிய வழிவந்த என்ஜின்களில் அந்த மரை பொதுவாக 1/8 அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் அளவு) வகை. என்பிடி (அமெரிக்க அளவு) வகை டீயும் இரண்டு சுற்று ஏறும், பொருந்தியதுபோலவே தோன்றும், பிறகு கசியும். எனவே கடையில் மரை அளவியை வைத்துப் பார்த்து வாங்குங்கள். குழாய் எவர்சில்வர் பின்னல் போட்டதாகவும், மேனிபோல்டிலிருந்து விலகிச் செல்வதாகவும் இருக்கட்டும்.

இனி வடிகால். டர்போவுக்குள் அழுத்தத்துடன் நுழையும் ஆயில், பேரிங்குகளைக் கடந்ததும் அழுத்தம் இழந்து நுரையாகிறது. அதைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு மட்டுமே. எனவே திரும்பும் குழாயின் உள்விட்டம் 12 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், கூடியவரை செங்குத்தாகவும், எங்கும் பள்ளம் விழாமலும், என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்பில் ஆயில் மட்டத்துக்கு மேலேயும் சேர வேண்டும். முதல் முறை நான் சம்பைக் கழற்றச் சோம்பல்பட்டு, ஹோஸைச் சுற்றி வளைத்து ஏற்கெனவே இருந்த துளை ஒன்றில் சேர்த்தேன். வழியில் ஒரு கைப்பிடி அளவுக்குத் தொய்வு, அவ்வளவுதான். களத்தை இரண்டு முறை சுற்றுவதற்குள் பின்னால் நீலப் புகை எழுந்தது. டர்போ சீல் போய்விட்டது என்று மூன்று பேர் தீர்ப்புச் சொன்னார்கள். டர்போவில் ஒரு குறையும் இல்லை. வடிய வழியில்லாத ஆயில் சீலைத் தாண்டியிருந்தது. சம்பைக் கழற்றி, உரிய உயரத்தில் ஒரு குழாய்முனையை வெல்டு செய்ததும் புகை நின்றது.

கிராங்க்கேஸ் (என்ஜினின் கீழ்ப்பெட்டி) காற்றோட்டமும் இதே கணக்கில்தான் சேரும். அங்கே சேரும் ஆவியை என்ஜினின் காற்றுக்குழாய்க்குத் திருப்பும் பிசிவி வால்வின் வழியாக பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல்) அழுத்தம் என்ஜினுக்குள் இறங்கினால் ஆயில் திரும்புவது மீண்டும் தடைப்படும். அந்த ஹோஸில் ஒருவழி வால்வு ஒன்றும், மற்றொரு மூச்சுக்குழாயில் ஆயில் பிடிக்கும் டப்பா ஒன்றும் வையுங்கள். பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் ஹோஸில் உள்ள ஒருவழி வால்வு சரியாகப் பிடிக்கிறதா என்பதையும் வாயால் ஊதிச் சோதியுங்கள். அது விட்டுக்கொடுத்தால் பிரேக் கல்லாகிவிடும்.

காற்று

இன்டர்கூலரும் காயலான் கடைச் சரக்காகவே இருக்கலாம். உள்ளே தேங்கிய பழைய ஆயிலைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். குழாய்களின் முனையில் விளிம்பு எடுத்திருக்க வேண்டும். இல்லையெனில் சிலிக்கான் ஹோஸ் எத்தனை கிளிப் போட்டாலும் கழன்று தெறிக்கும். எல்லாம் பொருத்தியபின் டர்போவின் வாயை அடைத்து 0.5 பார் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். பஞ்சர் கடையில் செய்வதுதான்.

வேஸ்ட்கேட்டைக் காற்றழுத்தத்தால் திறக்கும் ஆக்சுவேட்டரைச் சோதிக்காமல் என்ஜினை ஓட்டவே கூடாது. டீசல் வண்டிக்கான ஆக்சுவேட்டர் பெரும்பாலும் ஒரு பாருக்குப் பக்கத்தில்தான் திறக்கும். அதை அப்படியே வைத்தால் உங்கள் பிஸ்டன் ஒரு மாலைப்பொழுதைத் தாண்டாது. சைக்கிள் பம்பையும் ஒரு கேஜையும் இணைத்து, கம்பி எந்த அழுத்தத்தில் அசைகிறது என்று பார்த்து, 0.4 பாரில் திறக்கும் ஸ்பிரிங் உள்ள ஆக்சுவேட்டராக மாற்றுங்கள். அழுத்தத்தை எடுக்கும் சிறு ஹோஸ் கழன்றால் வேஸ்ட்கேட் திறக்காது என்பதால் அதன் இரு முனைகளிலும் கிளிப் போடுங்கள்.

பெட்ரோலும் தீப்பொறியும்

என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் எஸ்டீமின் மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் அளக்கும். அதற்கு மேல் பூஸ்ட் ஏறுவது அதற்குத் தெரியாது, ஆகவே பழைய ஈசியு (என்ஜினை இயக்கும் கணினி) கூடுதல் பெட்ரோலைத் தராது. பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டி ஏமாற்றும் குறுக்குவழிகள் உண்டு, நான் நம்புவதில்லை. ஸ்பீடுயினோ போன்ற திறந்த வடிவமைப்பு ஈசியுவை 2.5 பார் வரை அளக்கும் சென்சாருடன் வைப்பதே முறை.

இன்று பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். தூய பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பழைய கணக்கு இதற்கு 13.5 அளவுக்கு இறங்கிவிடுகிறது. எனவே காற்று-எரிபொருள் விகிதத்தை எண்ணாக மனப்பாடம் செய்யாமல், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் வைடுபேண்ட் சென்சார் காட்டும் லாம்டாவை (தேவையான காற்றுக்கு 1 என்று வைத்து, உள்ள காற்றைக் காட்டும் எண்) பின்பற்றுங்கள். பூஸ்ட்டில் அது 0.80-ஐ ஒட்டி நிற்க வேண்டும். நிமிடத்துக்கு 5 கிலோ காற்றுக்கு இந்தக் கணக்கில் சுமார் 610 மில்லி பெட்ரோல் வேண்டும். நான்கு இன்ஜெக்டர்களுக்குப் பிரித்து, 80 விழுக்காட்டுக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று வைத்தால் ஒவ்வொன்றும் 190 மில்லி தர வேண்டும். 240 மில்லி இன்ஜெக்டர் வாங்கினால் போதும். எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால் பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள்.

இக்னிஷனை (தீப்பொறி விழும் நேரத்தை) 0.4 பாரில் 4 முதல் 6 டிகிரி வரை பின்தள்ளித் தொடங்குங்கள். ஒரு படி குளிர்ந்த (வெப்பத்தை விரைவாகக் கடத்திவிடும்) பிளக் போட்டு, இடைவெளியை 0.7 மில்லிமீட்டராகக் குறையுங்கள். 95 ஆக்டேன் பெட்ரோலையே ஊற்றுங்கள். இங்கே சிக்கனம் வேண்டாம்.

முதல் ஓட்டம்

டர்போவின் ஆயில் துளையில் கொஞ்சம் ஆயிலை ஊற்றிக் கையால் சுழற்றுங்கள். இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். பிறகே ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, ஒவ்வோர் இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். களத்தில் முதலில் பூஸ்ட் ஏறாத அளவுக்கே ஓட்டி அடிப்படை அளவுகளைச் சரிசெய்து, டிராக்கிலோ டைனோவிலோ (வண்டியை நிறுத்திவைத்தே திறனை அளக்கும் உருளை மேடை) படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். தகர டப்பாவில் கூழாங்கல் குலுங்குவதுபோல ஒலி வந்தால் காலை உடனே எடுங்கள். நிறுத்துமுன் இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் டர்போவின் பேரிங்கில் ஆயில் கருகாது.

மேனிபோல்டு நட்டுகளை முதல் சில சூட்டுக்குப் பின், குளிர்ந்த நிலையில், டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்க வேண்டும். முதல் ஆயிலை 500 கிலோமீட்டரில் மாற்றுங்கள். பிறகு 5,000-க்கு ஒருமுறை. சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் ஏர் ஃபில்டரில் பதரும் தூசும் அடைவதால் வாரம் ஒருமுறை திறந்து தட்டுங்கள். களத்தில் கிடக்கும் வைக்கோல் வண்டியின் அடியில் சுற்றிக்கொள்ளும். சாதாரண சைலன்சரிலேயே அது தீப்பற்றும் என்றிருக்க, டர்போவுக்குக் கீழிறங்கும் குழாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் குனிந்து அடியில் பார்த்து, ஒரு கம்பிக் கொக்கியால் வைக்கோலை இழுத்தெடுத்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.