ஈஎஸ்பிஎல், என்டிஎம்: கல்ச்சர் எடுப்பதிலும் படிப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை, ரத்தத்தில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது என்றால், அந்தக் கிருமியிடம் மருந்தை உடைக்கும் நொதி இருக்கிறதா, இருந்தால் எந்த நொதி என்பதுதான் முதல் கேள்வி. ஈஎஸ்பிஎல் (ESBL) நொதிகள் செஃப்ட்ரியாக்சோன், செஃபோடாக்சிம் போன்ற ஆன்டிபயாடிக்குகளை உடைக்கும். மெரோபெனத்தை அவற்றால் உடைக்க முடியாது. கேபிசி (KPC), ஆக்சா-48 (OXA-48), என்டிஎம் (NDM) ஆகிய, கார்பபெனிமேஸ் எனப்படும் நொதிகள் மெரோபெனத்தையும் உடைத்துவிடும். 2010-இல் வெளிவந்த ஆய்வொன்று சென்னையில் கிடைத்த கிருமிகளிலேயே என்டிஎம் வகையைச் சேர்ந்த என்டிஎம்-1 இருப்பதைக் காட்டியது. சேலத்திலும் பெங்களூருவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு தர்மபுரி, கிருஷ்ணகிரிக்குத் திரும்பும் நோயாளிகளிடம் இதை எதிர்பார்த்தே வேலை செய்ய வேண்டும்.

முதல் ஆன்டிபயாடிக் ஊசி போட்ட பிறகு கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) சாம்பிள் எடுப்பதுதான் பெரிய இழப்பு. கிருமி வளராமல் போகலாம்; நொதி எது என்று கடைசி வரை தெரியாமலே போகலாம். அடுத்தது ரத்தத்தின் அளவு. பெரியவர்களின் ரத்தத்தில் ஒரு மி.லி.க்கு ஒரு கிருமிகூட இல்லாமல் போகலாம். பாட்டிலுக்கு 3 மி.லி. ஊற்றிவிட்டு ‘வளர்ச்சி இல்லை’ என்ற ரிப்போர்ட்டை நம்பக் கூடாது. பாட்டிலுக்கு 8–10 மி.லி., இரண்டு இடங்களில் குத்தி இரண்டு செட் எடுக்க வேண்டும். இந்தப் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது.

சிறுநீருக்கு நேர்மாறு. பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ எடுத்த சாம்பிள் 2 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேராது என்றால் 2–8 டிகிரியில் வைத்து அனுப்புங்கள். 24 மணி நேரம் தாங்கும். வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடந்த சாம்பிளில் நாலைந்து கிருமிகள் கலந்து பெருகியிருக்கும். கேத்திட்டர் உள்ளவருக்கு யூரின் பேக்கிலிருந்து பிடிக்கவே வேண்டாம். குழாயைச் சிறிது நேரம் கிளாம்ப் செய்து, சாம்பிள் போர்ட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, சிரிஞ்சில் இழுங்கள்.

லேப் பக்கம் வருவோம். கார்பபெனிமேஸைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி இருந்தால்தான் முடியும் என்று விட்டுவிடுவது வீண். கிருமி மெரோபெனத்தை உடைக்கிறதா என்று பார்க்கும் எம்சிஐஎம் (mCIM) முறையைச் சாதாரண லேபிலேயே செய்யலாம். 2 மி.லி. டிரிப்டிகேஸ் சாய் பிராத்தில் (கிருமி வளர்க்கும் திரவத்தில்) 1 மைக்ரோலிட்டர் லூப் அளவு கிருமி (சூடோமோனாஸ் என்றால் 10 மைக்ரோலிட்டர் லூப்). அதில் 10 மைக்ரோகிராம் மெரோபெனம் டிஸ்க்கை மூழ்கவிட்டு 35 டிகிரியில் 4 மணி நேரம். பிறகு டிஸ்க்கை எடுத்து, மெரோபெனத்துக்கு அடங்கும் ஈ. கோலை ஏடிசிசி 25922 என்ற தரநிலைக் கிருமியைப் பரப்பிய முல்லர்-ஹிண்டன் பிளேட்டில் வைத்து 18–24 மணி நேரம். ஸோன் (டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் விட்டம்) 6–15 மி.மீ. என்றால் நொதி உண்டு. 19-உம் அதற்கு மேலும் என்றால் இல்லை. 16–18-இல் ஸோனுக்குள் குட்டிக் காலனிகள் தெரிந்தால் உண்டு என்றே கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தீர்மானிக்க முடியாது, திரும்பச் செய்யுங்கள்.

தவறுவது எங்கே? அடுத்த ஷிஃப்ட் எடுக்கட்டும் என்று டிஸ்க்கை ஆறேழு மணி நேரம் விட்டுவிடுகிறார்கள். இந்த அளவுகள் 4 மணி நேரத்துக்கு வகுத்தவை. கால் மணி முன்பின் மட்டுமே பொறுக்கும். டிஸ்க்கை டியூபின் சுவரில் அழுத்தி நீரை வடிக்காமல் வைத்தால் ஸோன் குழம்பும். வீரியம் போன டிஸ்க்கில் ஸோன் சுருங்கி, இல்லாத நொதி இருப்பதாகத் தெரியும். நொதி இல்லாத ஒரு கட்டுப்பாட்டுக் கிருமியையும் கூடவே சோதித்தால் இது உடனே பிடிபடும். அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்கு இந்த முறை நம்பகமல்ல.

என்டிஎம் செயல்படத் துத்தநாகம் தேவை. அதனால் இன்னொரு டியூபில், துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ (0.5 மோலார்) 20 மைக்ரோலிட்டர் சேர்த்து அதே சோதனையைச் செய்து (இதுதான் இசிஐஎம், eCIM), இடிடிஏ சேர்க்காத டியூபைவிட ஸோன் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடினால் என்டிஎம் வகை என்று பொருள். ஆக்சா-48-உம் என்டிஎம்-உம் ஒரே கிருமியில் சேர்ந்திருந்தால் ஸோன் கூடாமல் ஏமாற்றும். நம் நாட்டில் இந்தக் கூட்டு அரிதல்ல.

இந்த வேறுபாடு மருந்தையே மாற்றும். செஃப்டாசிடிம்-அவிபாக்டம் (ஆன்டிபயாடிக்கும் நொதித் தடுப்பானும் சேர்ந்தது) கேபிசி, ஆக்சா-48 நொதிகளுக்கு உதவும். என்டிஎம்-க்குத் தனியாகப் பயன்படாது. அஸ்ட்ரியோனாம் என்ற ஆன்டிபயாடிக்கை என்டிஎம் உடைக்காது, ஆனால் அதே கிருமியில் பெரும்பாலும் உடனிருக்கும் ஈஎஸ்பிஎல் உடைத்துவிடும். அவிபாக்டம் அந்த ஈஎஸ்பிஎல்லைத் தடுப்பதால்தான் செஃப்டாசிடிம்-அவிபாக்டமையும் அஸ்ட்ரியோனாமையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக் கிருமி அடங்குமா என்று அகார் பிளேட்டில் டிஸ்க் வைத்துப் பார்ப்பது பயனற்றது. அது அகாரில் சரியாகப் பரவாது. மருந்தைத் திரவத்தில் படிப்படியாக நீர்த்துப் பார்க்கும் பிராத் மைக்ரோடைல்யூஷன்தான் நம்பகமான முறை.

ஈஎஸ்பிஎல் கிருமி ரத்தத்தில் இருக்கும்போது, ரிப்போர்ட்டில் பிப்பராசிலின்-டாசோபாக்டம் ‘எஸ்’ (மருந்துக்குக் கிருமி அடங்கும்) என்று இருப்பதை மட்டும் பார்த்து அதைத் தொடங்காதீர்கள். 2018-இல் வெளியான மெரினோ ஆய்வில் 30 நாளில் இறந்தவர்கள் அந்த மருந்தில் 12.3 சதவீதம், மெரோபெனத்தில் 3.7 சதவீதம்.

நோயாளியை மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது ‘என்டிஎம் உள்ளது’ என்பதை ரெஃபரல் சீட்டின் தலைப்பிலேயே எழுதுங்கள், ஆம்புலன்ஸ் கிளம்பும் முன் தொலைபேசியிலும் சொல்லுங்கள். கல்ச்சர் முடிவு வராமலே அனுப்ப நேர்ந்தால் லேப் எண்ணையும் சாம்பிள் எடுத்த தேதியையும் குறியுங்கள். அவர் படுத்திருந்த வார்டில், உடல் துடைத்த நீரையும் மீந்த குளுக்கோஸையும் கை கழுவும் தொட்டியில் ஊற்றக் கூடாது. இந்தக் கிருமிகள் அதன் வடிகுழாயில் மாதக்கணக்கில் தங்கி, குழாயைத் திறக்கும்போதெல்லாம் தெறித்து வெளியே வரும்.