விண்மீன் அட்டவணையைச் சேமிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் நின்றால் மணலி ஆலை வெளிச்சமும் துறைமுக வெளிச்சமும் வானத்தை வெளுத்துவிடும். அதனால் என்னிடம் வானியல் பழக வரும் பிள்ளைகளுக்குத் தரவிறக்கிய அட்டவணைதான் வானம். அதைச் சேமிப்பதில் முன்பு வந்தவர்கள் செய்த தவறுகளையே புதிதாக வருபவர்களும் செய்கிறார்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும் குழப்பத்தை எல்லாம் விட்டுவிடுகிறேன்.

அடையாள எண்ணை எக்செல்லில் திறப்பது

விண்மீன்களின் இடத்தையும் தூரத்தையும் அளந்த கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீட்டில் (2022) சுமார் 180 கோடி மூலங்கள், பெரும்பாலும் விண்மீன்கள், உள்ளன. ஒவ்வொன்றின் அடையாளமும் ஒரு 64 பிட் முழு எண். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரிக்கு 5853498713190525696. எக்செல் 15 இலக்கம்தான் வைத்திருக்கும், மீதி சுழியம். நெடுவரிசையை விரித்து எண்ணாகப் பார்த்தால் 5853498713190520000 என்று நிற்கும். அடுக்குக் குறியீடாக (5.85E+18 போல) சுருங்கிய நிலையிலேயே சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பாக, சேமித்தால், முன்னால் உள்ள சில இலக்கம் மட்டும் கோப்பில் போகும்.

காசிமேட்டுப் பையன் ஒருவன் கார்த்திகைக் கூட்டத்து விண்மீன்களைப் பொறுக்கியிருந்தான். சந்தேகமானவற்றுக்கு மஞ்சள் அடிக்க மட்டும் எக்செல்லைத் திறந்து சேமித்தான். சிஎஸ்வியில் அந்த நிறமும் நிற்காது. அப்புறம் வேறொரு அட்டவணையோடு பொருத்தினால் ஒரு வரிசைகூடச் சேரவில்லை. நாள்கணக்கில் தன் நிரலிலேயே பிழை தேடினான். எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான்: கோப்பு உடைந்ததாகத் தெரியாது, எண் எண்ணாகவே இருக்கும், ஆனால் அது தேடிய விண்மீனுடையது அல்ல. தொலைந்த இலக்கத்தை அந்தக் கோப்பிலிருந்து மீட்க வழியே கிடையாது.

பைதான் மொழியில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்திலும் இதே ஆபத்து உண்டு. நெடுவரிசையில் ஒரே ஒரு காலியிடம் இருந்தால் போதும், சிஎஸ்வியைப் படிக்கும்போது முழு எண்களைத் தசம எண்ணாக்கிவிடும். அந்த வகை 9007199254740992க்கு மேல் எல்லா முழு எண்ணையும் சரியாகத் தாங்காது. அடையாள எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லையே, எழுத்துச் சரமாகவே படியுங்கள். பார்க்க மட்டும் வேண்டுமென்றால் வானியல் அட்டவணைகளுக்கான டாப்கேட் மென்பொருள் இருக்கிறது.

அலகைத் தொலைப்பது

சிஎஸ்வியில் அலகுக்குத் தனி இடமில்லை. இடமாறு மதிப்பு (தூரத்தைக் கணக்கிட உதவும் சிறு கோணம்) ஆர்க்செகண்டா, மில்லி ஆர்க்செகண்டா என்று மாறிப்போனால் தூரம் ஆயிரம் மடங்கு தவறும். வானியலுக்கான பைதான் நூலகமான ஆஸ்ட்ரோபையின் இசிஎஸ்வி வடிவமும் சாதாரண உரைக் கோப்புதான், ஆனால் அலகு, தரவு வகை, விளக்கம் எல்லாம் தலைப்பிலேயே வரும். சின்ன அட்டவணைக்கு நான் சொல்வது எப்போதும் இதுதான்.

லட்சக்கணக்கான வரிசைக்கும் உரைக் கோப்பு

ஃபிட்ஸ் பயன்படுத்துங்கள். வானியலில் 1981 முதல் புழங்கும் வடிவம், அலகும் நிற்கும். இன்னும் பெரிதாகி, சில நெடுவரிசைகள் மட்டும் அடிக்கடி தேவைப்பட்டால் நெடுவரிசைவாரியாகச் சேமிக்கும் பார்க்கே வடிவம்.

எச்டிஎஃப்5 (பெரிய தரவுக்கான ஒரு கோப்பு வடிவம்)

ஆஸ்ட்ரோபையிலிருந்து எழுதும்போது மெட்டாடேட்டாவையும் (அலகு, விளக்கம் போன்ற தகவல்) சேர்க்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அலகு போய்விடும்.

பிக்கிள் (பைதான் பொருளை அப்படியே கோப்பாக்கும் வடிவம்)

வேண்டாம். அடுத்தவர் அனுப்பியதைத் திறக்கவே வேண்டாம், திறக்கும்போதே அதிலுள்ள நிரல் ஓடக்கூடும்.