சீனாவைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனாவைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் அதில் 'சீனா' என்று ஒரே ஒரு ஆள் இருப்பார். அவரே திட்டம் போடுவார், கடன் கொடுப்பார், வலை விரிப்பார், நூறு ஆண்டு முன்னதாகவே யோசித்தும் வைத்திருப்பார். நூற்று நாற்பது கோடி மக்கள், ஒன்றோடொன்று போட்டி போடும் மாகாணங்கள், வங்கிகள், அரசு நிறுவனங்கள், எப்போதோ ஊரைவிட்டுப் போன வணிகக் குடும்பங்கள் எல்லாம் அந்த ஒரே ஆளுக்குள் அடங்கிவிடும். மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

அம்பாந்தோட்டைக் கதை

வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை இதுதான்: சீனா கடன் கொடுத்தது, இலங்கையால் கட்ட முடியவில்லை, கடனுக்கு ஈடாக, நாட்டின் தென்கரையில் உள்ள அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை எடுத்துக்கொண்டது. அடகுக்கடைக் கணக்கு மாதிரி சுருக்கமாக இருப்பதால் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நடந்தது வேறு.

அங்கே துறைமுகம் வேண்டும் என்பது பெய்ஜிங்கில் பிறந்த யோசனை அல்ல. இலங்கை அரசியலில் பல காலமாகப் பேசப்பட்டது அது. 2003-ல் ஒரு கனடா நிறுவனமும் 2006-ல் ஒரு டென்மார்க் நிறுவனமும் சாத்தியக்கூறு ஆய்வு செய்தன. அம்பாந்தோட்டை மகிந்த ராஜபக்சவின் சொந்த மாவட்டம். முதலில் இந்தியாவிடம்தான் கேட்டோம் என்று அவர் பின்னாளில் சொன்னார். 2007-ல் சீன அரசின் எக்ஸிம் (ஏற்றுமதி-இறக்குமதி) வங்கி முதல் கட்டத்துக்கு சுமார் 30.7 கோடி டாலர் கொடுத்தது. வட்டி 6.3 சதவீதம், அதாவது சலுகைக் கடன் என்று சொல்லிக்கொள்ள முடியாத வட்டி. துறைமுகம் 2010-ல் திறந்தது, கப்பல்கள்தான் எதிர்பார்த்தபடி வரவில்லை.

இனிமேல்தான் பலரும் சறுக்கும் இடம். 2017 ஜூலையில் சைனா மெர்ச்சன்ட்ஸ் போர்ட் என்ற நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்குத் துறைமுகத்தை எடுத்தது. அதற்காக அது சுமார் 112 கோடி டாலர் பணம் கொடுத்தது. கடன் தள்ளுபடி எதுவும் இல்லை. எக்ஸிம் வங்கிக்கான பாக்கி அப்படியே இலங்கை அரசின் தலையில் இருந்தது. குத்தகையில் வந்த டாலர் அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் தூக்கி நிறுத்தப் போனது. அப்போது இலங்கையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது சீனக் கடன் மட்டுமல்ல. சர்வதேசச் சந்தையில் விற்றிருந்த பத்திரங்களுக்கான தவணைகளும்தான். 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தபோது அந்தப் பத்திரங்கள் மட்டும் 1,200 கோடி டாலருக்கு மேல். மொத்த வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு, அரசு நிறுவனங்கள் வாங்கியதையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்தில் ஒரு பங்கு அளவுதான்.

இன்னொரு விஷயம். 'கடன் பொறி ராஜதந்திரம்' என்ற சொல் 2017 ஜனவரியில், குத்தகை கையெழுத்தாவதற்கு ஆறு மாதம் முன்பே, பிரம்ம செல்லானி என்ற இந்திய வியூக ஆய்வாளரின் கட்டுரையில் வந்துவிட்டது. பெயர் முதலில் வந்தது, அதற்குப் பொருத்தமான உதாரணமாக அம்பாந்தோட்டை பிறகு மாட்டிக்கொண்டது.

சரி, அப்படியானால் சீனாவுக்கு இதில் ஆதாயமே இல்லையா? அதுவும் தவறு. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற கண்காணிப்புக் கப்பல், இந்தியா எதிர்ப்புச் சொன்ன பிறகும், அதே துறைமுகத்தில் வந்து நின்றது. ஒரு வணிக நிறுவனம் பிடித்த குத்தகை ராணுவக் கவலையாக மாறுவது கற்பனை இல்லை. ஆனால் சதி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாவற்றையும் திணித்துவிட்டால், அந்தத் துறைமுகத்தைக் கேட்ட, வட்டிக்குத் தலையாட்டிய கொழும்பு அரசியல்வாதிகள் சத்தமில்லாமல் தப்பித்துக்கொள்வார்கள். எனக்கு இதுதான் பெரிய ஆட்சேபம். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் கடன் கொடுத்தது எந்த வங்கி, வட்டி என்ன, குத்தகை யாருக்கு, பழைய கடன் என்ன ஆயிற்று என்ற நாலு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பாதி செய்திகள் இரண்டாவது கேள்வியிலேயே வாயை மூடிக்கொள்ளும்.

சீன முகம் என்றால் சீன நாடு அல்ல

சிங்கப்பூரில் சுமார் முக்கால்வாசிப் பேர் சீன வம்சாவளியினர். அந்த நாடு பெய்ஜிங்கோடு தூதரக உறவு வைத்துக்கொண்டது 1990 அக்டோபரில்தான். தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியானைத் தொடங்கிய ஐந்து நாடுகளில் கடைசி. சீனாவின் கையாள் என்று அண்டை நாடுகள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, இந்தோனேசியா முந்திக்கொள்ளட்டும் என்று காத்திருந்தார்கள். சிங்கப்பூர், மலேசியச் சீனர்களின் முன்னோர் பெரும்பாலும் புஜியன், குவாங்டாங் கடலோரத்திலிருந்து, ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ், ஹக்கா என்று தனித்தனிப் பேச்சோடு வந்தவர்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. வீட்டில் மாண்டரின் பேசுங்கள் என்று சிங்கப்பூர் அரசே 1979-ல் இயக்கம் நடத்த வேண்டியிருந்தது.

இந்தக் குழப்பம் எவ்வளவு கொடூரமாகும் என்பதற்கு உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1962 இந்திய-சீனப் போரையொட்டி அசாம், டார்ஜிலிங், ஷில்லாங் பக்கம் வாழ்ந்த சீன வம்சாவளி இந்தியர்கள் சுமார் மூவாயிரம் பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். அசாமின் மாக்கும் ஊரில் இவர்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வாரிசுகள். பலர் வீட்டில் அம்மா அசாமியர். சீனாவைக் கண்ணால் கூடப் பார்க்காதவர்கள். 1963-ல் சீனக் கப்பல்கள் மதராஸ் துறைமுகத்துக்கு வந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிச் சென்றன. சிலர் முகாமிலேயே 1967 வரை இருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தைக் கடக்கிற நமக்கு இது தெரியவே தெரியாது.

போதிதர்மரும் செங் ஹேயும்

ஒரு சினிமாவுக்குப் பிறகு, காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசரான போதிதர்மர் சீனாவுக்குப் போய் குங்ஃபூ சொல்லிக்கொடுத்தார் என்பது தமிழ் இணையத்தில் வரலாறாகவே ஆகிவிட்டது. போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு, லோயாங் நகரின் விகாரைகள் பற்றி 547 வாக்கில் யாங் சுவான்ஜி எழுதியது. அதில் அவர் பாரசீகத்திலிருந்து வந்தவர். தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்பது இன்னொரு பழைய மரபு. காஞ்சி, பல்லவர் என்று பெயர் சொல்வதெல்லாம் பிற்காலத்துச் சேர்க்கை. அவரைக் குங்ஃபூவோடு முடிச்சுப் போட்ட உடற்பயிற்சி நூல் 17-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதாவது அவருக்கு ஆயிரம் ஆண்டு கழித்து. காஞ்சிக்கும் சீனாவுக்கும் உறவு வேண்டும் என்றால் யுவான் சுவாங் இருக்கிறாரே! 7-ம் நூற்றாண்டில் காஞ்சியைப் பற்றி எழுதும்போது, நாளந்தாவின் தர்மபாலர் பிறந்த ஊர் இது என்று பெருமையாகக் குறிக்கிறார். அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

செங் ஹே விஷயத்தில் சறுக்கல் இரண்டு பக்கமும் உண்டு. 1405 முதல் 1433 வரை ஏழு பெரும் கடற்பயணம் போன, சீனாவின் மிங் வம்சத் தளபதி அவர். அவர் சமாதானத் தூதர் என்பது பெய்ஜிங்கின் இன்றைய பேச்சு. படையெடுப்பின் முன்னோடி என்பது எதிர்த் தரப்பின் பேச்சு. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் அவர் பெயரால் ஒரு கல் நிற்கிறது. 1409 தேதியிட்டது, நான்ஜிங்கில் பொறித்துக் கப்பலில் கொண்டுவந்தது. 1911-ல் இலங்கையின் காலி நகரில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள். அதில் சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாராகிய விஷ்ணுவுக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் வணக்கம் சொல்லி, ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி என்று காணிக்கைப் பட்டியல் வருகிறது. மூன்று பட்டியலும் கிட்டத்தட்ட ஒன்றே. யாருக்கும் மனவருத்தம் வரக் கூடாது என்ற கணக்கு. இவ்வளவு பணிவாகக் கல் நட்டவரே 1411 வாக்கில் அழகேஸ்வரன் என்ற இலங்கை ஆட்சியாளரைச் சிறைபிடித்து நான்ஜிங்குக்குக் கொண்டுபோனார். பேரரசர்தான் அவரை விடுவித்தார். கல்லை மட்டும் காட்டினாலும் தவறு, சிறைபிடிப்பை மட்டும் காட்டினாலும் தவறு.

ஐயாயிரம் ஆண்டும் பின்னல் சடையும்

'ஐயாயிரம் ஆண்டு அறுபடாத ஒரே நாடு' என்பதையும் கொஞ்சம் ஆறப் போடலாம். கையில் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து, அன்யாங் நகரில் கிடைத்த குறிசொல்லும் எலும்புகளில் உள்ளது, சுமார் கி.மு. 1200. நடுவே நாட்டை ஆண்ட யுவான் வம்சத்தினர் மங்கோலியர், கடைசியாக 1644 முதல் 1912 வரை ஆண்ட சிங் வம்சத்தினர் மஞ்சூக்கள். பழைய கருத்துப்படங்களில் சீனர் என்றாலே முன்தலையை மழித்து, பின்னால் நீளப் பின்னல் போட்டிருப்பார். அது மஞ்சூக்களின் வழக்கம். 1645-ல் பெரும்பான்மை இனமான ஹான் ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆணை வந்தது. முடியை வைத்துக்கொண்டால் தலை இருக்காது என்பது அன்றைய பேச்சு. எதிர்த்த ஊர்களில் படுகொலைகளே நடந்தன. அப்படித் திணிக்கப்பட்ட ஒன்றைத்தான் நாம் 'சீனத்தனம்' என்று வரைந்துகொண்டிருக்கிறோம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரே வரி: கோபி மஞ்சூரியனுக்கும் மஞ்சூரியாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அது நம் நாட்டுச் சரக்கு.

'மலிவு சரக்கு' என்ற பழைய நினைப்பு

சீனப் பொருள் என்றால் மட்டம், கூலி குறைவாக இருப்பதால்தான் ஆலைகள் அங்கே என்ற பேச்சுக்கு வயதாகிவிட்டது. இன்று உலகின் மின் வாகன பேட்டரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிஏடிஎல் என்ற ஒரே நிறுவனம் செய்கிறது. 2011-ல், புஜியனின் நிங்தே நகரில் தொடங்கியது அது. அரிய மண் தனிமங்களைச் சுத்திகரிக்கும் வேலையில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில்தான். 2025 ஏப்ரலில், மின் மோட்டாருக்கு வேண்டிய, இந்தத் தனிமங்களால் ஆன காந்தங்களின் ஏற்றுமதிக்குப் பெய்ஜிங் உரிமக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, இந்திய மின் ஸ்கூட்டர் நிறுவனங்கள் சில மாதத்திலேயே உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. இந்த மாதிரி இடங்களில் அரசு ஒரே குரலில் முடிவெடுக்கிறது என்று தாராளமாக எழுதலாம், ஏனென்றால் உரிமம் கொடுப்பது ஒரே அமைச்சகம்.

ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கானைச் சீன நிறுவனம் என்று எழுதுவதையும் நிறுத்தலாம். அதன் தலைமையகம் தைவானில். ஆனால் ஐபோனுக்கான அதன் மிகப் பெரிய ஆலை சீனாவின் செங்சோவில் இருக்கிறது. 2025-ல் அதன் இந்திய ஆலைகளிலிருந்து நூற்றுக்கணக்கான சீனப் பொறியாளர்கள் ஊருக்குத் திரும்ப அழைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. தைவான் நிறுவனம், அதன் தொழில் பழக்கம் சீன ஊழியர்கள் கையில் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தச் செய்தி ஏன் அவ்வளவு பெரிதாக அடிபட்டது என்று படிப்பவருக்குப் புரியும்.